‘அடுத்தது எப்ப?’ என்று கேட்கும் பெரியோர்களுக்கு

கண்டி நகரத்திலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, வத்தேகம, பன்விலை, கலஹா, தெல்தோட்டைப் பக்கங்களிலும் கோயில் பரிபாலன சபைகளையும் சமூக மன்றங்களையும் தொழிற்சங்கக் கிளைகளையும் நடத்திவரும் தமிழ்ப் பெரியோர்களே,

2024 குடிசன மதிப்பீட்டின் இனவாரிக் கணக்கு வெளிவந்ததிலிருந்து உங்கள் மேடைகளில் ஒரு கவலை வந்து குந்திக்கொண்டிருக்கிறது. 2012இல் நாட்டின் சனத்தொகையில் 4.1 வீதமாக இருந்த மலையகத் தமிழர் இப்போது 2.8 வீதம். கவலைப்பட வேண்டிய எண்தான்; அதில் எனக்கும் உங்களுக்கும் பிணக்கில்லை. அந்த எண்ணைக் கையில் எடுத்தவுடன் நீங்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் பிணக்கு. ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட தம்பதிகளைப் பார்க்கிறீர்கள். தேர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும், ஒற்றைப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெண்ணிடம் முதல் நலம் விசாரிப்பே ‘அடுத்தது எப்ப?’ என்பதாக இருக்கிறது. அவள் சிரித்து மழுப்பினால் ‘ஒத்தப் புள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க’ என்று தொடர்கிறது. கடைசியில் ‘எல்லாரும் இப்படி ஒண்ணோட நிறுத்திட்டா நம்ம சனம் என்னாகிறது’ என்று வந்து நிற்கிறது. முதல் இரண்டும் பழைய கேள்விகள், பெண்கள் கேட்டுக் கேட்டுத் தழும்பேறியவை. மூன்றாவது புதிது. ஒரு வீட்டுக்குள் எடுத்த முடிவை அது சமூகத் துரோகமாக்கிவிடுகிறது. அதற்குத்தான் இந்த மடல். ஒரே பிள்ளைதான் நல்லது என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. மூன்று பெற ஆசைப்படுகிறவர்கள் மூன்று பெறட்டும், நாலு பெறட்டும். ஒன்றோடு நிறுத்தியவர்களின் தலையில் நம் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள் என்பதே என் வாதம்.

முதலில் அந்தக் கணக்கையே எடுப்போம். 1953 மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்ட நம்மவர்கள் ஏறத்தாழ 9 இலட்சத்து 74 ஆயிரம் பேர், நாட்டின் சனத்தொகையில் 12 வீதம். 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981இல் 8 இலட்சத்து 19 ஆயிரம். பத்தே வருடத்தில் மூன்றரை இலட்சம் பேர் ஏட்டிலிருந்து போய்விட்டார்கள். அந்தப் பத்து வருடத்தில் நம் லயங்களில் ஒரே பிள்ளையோடு நிறுத்திய குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குறைந்த காரணத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அதே எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள், 1977இல் கலவரம். மூட்டை கட்டி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் அங்கே ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டார்கள். 2012க்குப் பிறகான சரிவையும் இதே கண்ணோடு பாருங்கள். 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர் 12 வருடத்தில் ஏறத்தாழ 6 இலட்சமாகியிருக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஒரு சமூகம் மெல்ல மூப்படையும், அதன் வளர்ச்சி தேயும். 12 வருடத்தில் கால்வாசிக்கு மேல் ஆவியாகிவிடாது. அதே காலத்தில் இலங்கைத் தமிழரின் பங்கு 11.1இலிருந்து 12.3 வீதமாக ஏறியிருக்கிறது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, கணக்கெடுப்புப் படிவத்தில் ‘இந்திய’ என்ற முன்னொட்டைச் சுமக்க விரும்பாமல் பக்கத்துக் கட்டத்தில் குறிபோட்டவர்கள்தான் இதில் பெரும்பகுதியாக இருக்கக்கூடும். அது சரியா பிழையா என்பது வேறொரு மடலுக்குரிய சங்கதி. எப்படியானாலும் அதற்குப் பிரசவ அறையில் பரிகாரம் கிடையாது.

பெண்களின் வயிற்றை இனக்கணக்காகப் பார்த்தால் என்னவாகும் என்பதற்கு வெளியூர்ச் சாட்சி தேவையில்லை. இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953இல் தொடங்கப்பட்டது. 1965இல் அரசாங்கமே அந்தப் பணியைக் கொள்கையாக ஏற்றது. அதனால் பெண்களுக்குக் கிடைத்த நன்மை பெரிது, அதை மறுப்பவன் நானல்ல. ஆனால் 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு வருபவர்களுக்குக் காசு கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கட்டத்தில் அது 500 ரூபா. நாட்கூலியில் வாழ்ந்த வீட்டில் அந்த முடிவை எடுத்தது கணவன் மனைவியா, காசா? தோட்டப் பகுதியில் அந்தச் சத்திரசிகிச்சையின் வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட நெடுங்காலமாக உயர்ந்தே இருந்துவந்ததன் பின்னால் இந்தக் கேள்வி நிற்கிறது. பிறகு காற்று மாறியது. 2011ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், படைகளிலும் பொலிஸிலும் இருப்பவர்களுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தால் ஒரு இலட்சம் ரூபா என்றார்கள். அதே வருடங்களில் தோட்டத்திலோ தனியார் கம்பனியிலோ வேலை செய்த பெண்ணுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தால் மகப்பேற்று விடுமுறை 84 நாள் கிடையாது, 42 நாள்தான். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை அப்படித்தான் இருந்தது. ஒரு வீட்டு மூன்றாவது பிள்ளைக்குப் பரிசு, இன்னொரு வீட்டு மூன்றாவது பிள்ளைக்கு அரைவாசி லீவு. அதே 2018இன் பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. ஒரு வாரம் கழியுமுன்னே முஸ்லிம்களுக்கு எதிரான அந்தத் தீ நம் வாசலுக்கு வந்தது: தெல்தெனிய, திகன, கடுகண்ணாவைக்கும் மடவளைக்கும் பரவிய பதற்றம், ஊரடங்கு, அவசரகால நிலை. திகனத் தீக்கு உடனடிக் காரணம் வேறு; தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதியின் மரணம். ஆனால் விறகை உலர்த்தி வைத்திருந்தது ‘அவர்கள் பெருகுகிறார்கள், நாங்கள் தேய்கிறோம்’ என்ற பேச்சு. அந்தப் பேச்சை இப்போது நம் கோயில் மண்டபத்து ஒலிவாங்கியில் தமிழில் கேட்க நேர்வது எனக்குக் கூசுகிறது.

இனி, இந்தத் தம்பதிகள் ஏன் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்போம். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கணக்கில், 2020இல் நாடு முழுக்கப் பிறந்த பிள்ளைகள் 3 இலட்சத்துக்குச் சற்று மேல். 2024இல் 2 இலட்சத்து 21 ஆயிரம் அளவு. நான்கு வருடத்தில் கால்வாசிக்கு மேல் வீழ்ச்சி. இளம் பெண்களின் சுயநலம்தான் காரணம் என்றால், அந்தச் சுயநலம் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று பாராமல் ஒரே நேரத்தில் எல்லாரையும் பிடித்திருக்க வேண்டும். இடையில் நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களில் 94.9 வீதம். பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். அவர்களில் பலர் பிள்ளை பெறும் வயதுத் தம்பதிகளில் ஒருவர். இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களுக்குப் பிறகு நம் கணக்கைக் குறைத்தது விமானம்.

கண்டிக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் போலக் கிடக்கும் நகரம் இது, பரந்து வளர இடமில்லை. நகரத்துப் பாடசாலை ஒன்றில் பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டுமானால் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம் புள்ளியாகக் கணக்கிடப்படும். ஆகவே பிள்ளை நடக்கப் பழகும் முன்பே அஸ்கிரியவிலோ மஹியாவவிலோ ஒரு அனெக்ஸ் தேடி அலைகிறார்கள். ஒரு படுக்கையறை, கதிரை போட்டால் திரும்ப இடமில்லாத ஒரு முன்னறை, சுவரோடு ஒட்டிய குசினி. அதற்கு மாத வாடகையும் முன்பணமும். கல்வி இலவசம்தான், 1945இலிருந்து அந்தப் பெருமை நமக்குண்டு. ஆனால் நகரத்து மதிலெல்லாம் டியூஷன் போஸ்டர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு ஒரு வகுப்பு, கணிதத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் ஏற்றி இறக்க ஸ்கூல் வான். தாய் வேலைக்குப் போகாமல் இந்தச் செலவு கட்டாது. வேலைக்குப் போனால் பிள்ளையை விட்டுப்போக இடமில்லை. நாட்டில் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவுதான் தொழிற்படையில் இருக்கிறார்கள். தகப்பனுக்கு அரச வேலையென்றால் பிள்ளை பிறந்ததும் மூன்று நாள் லீவு. தனியார் துறையில் சட்டப்படி அதுவும் கிடையாது. பல்லேகலைத் தொழிற்சாலையில் முதல் பிள்ளைக்குப் பிறகு ஒருவாறு வேலைக்குத் திரும்பிய பெண், இரண்டாவதுக்குப் பிறகு திரும்ப முடியாது என்பதைக் கைவிரலில் கூட்டிப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள்.

தோட்டத்தில் கணக்கு இன்னும் நெருக்கமானது. பிள்ளைக்காம்பராவின் கூரை வளையிலிருந்து பழைய சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஆயா ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்வாள். ஒரு பிள்ளை அழுதால் பக்கத்துத் தொட்டிலும் விழித்துக்கொள்ளும். கொழுந்து நிறுவைக்கு இறங்கிய தாய், ஈரப் படங்கை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, தேயிலைச் சாயம் ஏறிய விரலைச் சேலையில் துடைத்து, பால் கொடுத்துவிட்டு, பிள்ளை தூங்கியதா என்று பார்க்க நேரமில்லாமல் மறுபடி மலைக்கு ஏறுவாள். 2024இல் நிர்ணயமான நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இரண்டாவது பிள்ளைக்கு எங்கே இடம் என்று அவள் கேட்டால், ‘எங்கம்மா இதே காம்பராவில் ஏழு பேரை வளர்த்தாங்க’ என்று சொல்கிறீர்கள். வளர்த்தது யார்? அந்த ஏழில் மூத்தவள். பத்து வயதில் கொப்பியை மூடிவிட்டுத் தங்கச்சியை இடுப்பில் தூக்கியவள் அவள். கொஞ்சம் வளர்ந்ததும் கொழும்புக்கோ கண்டிக்கோ வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவளும் அவள். பெரிய குடும்பத்தின் சந்தோஷத்தைப் பற்றிப் பேசும்போது கடைக்குட்டிகளின் குரல்தான் எப்போதும் கேட்கிறது. மூத்த பெண்களை மேடையேற்றிக் கேட்டால் கதை வேறாக இருக்கும். ஒரே பிள்ளையோடு நிறுத்தும் இன்றைய தாய்மார் பலர் அந்த மூத்தவள்களின் மகள்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். ஒற்றைப் பிள்ளை செல்லத்தில் கெட்டுவிடும், பிடிவாதம் பிடிக்கும், பங்கு போட்டுச் சாப்பிடத் தெரியாது என்பது முதலாவது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1890களில் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் போஹனன் என்ற ஆய்வாளர் கேள்வித்தாள் அனுப்பி, ஒற்றைப் பிள்ளைகள் விசித்திரமானவர்கள் என்று எழுதினார். அவருக்கு வழிகாட்டிய ஸ்டான்லி ஹோல் அக்காலத்தின் பெரிய உளவியலாளர். அந்த முத்திரை உலகம் சுற்றி நம் ஊருக்கும் வந்து பழமொழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. 1986இல் டோனி ஃபால்போ, டெனிஸ் பொலிட் என்ற இருவர், அதுவரை நடந்திருந்த 115 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். குணத்திலும் பழகும் விதத்திலும் ஒற்றைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முன்னேறும் ஊக்கத்தில் ஒற்றைப் பிள்ளைகள் கொஞ்சம் மேல். பிறகு சீனாவில், ஒரே பிள்ளைச் சட்டம் அமுலில் இருந்த காலத்தில், நான்கு மாகாணங்களின் பாடசாலைப் பிள்ளைகளை ஃபால்போவும் பொஸ்டன் என்ற ஆய்வாளரும் ஆராய்ந்தபோதும் ‘குட்டிச் சக்கரவர்த்திகள்’ என்ற பயத்துக்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுப்பதற்குப் பிள்ளை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நாலு பெற்று அதில் ஆண்பிள்ளையை மட்டும் கெடுத்த வீடுகள் உங்களுக்கே தெரியும்.

தனிமை என்ற ஆட்சேபம் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இன்றைக்கு ஒற்றைப் பிள்ளைக்குப் பெரியம்மா மகன் அண்ணன், சித்தி மகள் தங்கச்சி. மாமன் பிள்ளைகள் மச்சான், மச்சாள். தமிழ் உறவுச்சொற்களே அந்தப் பிள்ளையைத் தனியாக விடுவதில்லை. ஆனால் இரண்டு ஒற்றைப் பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் பெறும் பிள்ளைக்கு மாமா இல்லை, அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, பெரியம்மா இல்லை. நம் சடங்குகளை நினைத்துப் பாருங்கள். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன். பெண் பெரியவளானால் சீர் கொண்டுவருவது தாய்மாமன். மணவறையில் தோழனாக நிற்பது மணப்பெண்ணின் சகோதரன். ஒரு தலைமுறை ஒன்றோடு நிறுத்தினால் அடுத்த தலைமுறையில் அந்த நாற்காலிகள் காலி. இதை ஒரு சிறு இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். உறவுப் பெயர்கள் அகராதிக்குள் மட்டும் வாழ்வது வருத்தமான காரியம். ஆனாலும் தாய்மாமனுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு பெண் இன்னொரு முறை பிரசவ வலி பட வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்பீர்கள்? வெளிநாடு போன மாமன்மாருக்குப் பதிலாக ஒன்றுவிட்ட மாமனையும் அயல்வீட்டாரையும் நிறுத்திச் சீர் நடத்தும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஐயர் ஒருவரும் அதற்காக மந்திரத்தை நிறுத்தவில்லை.

வயதான காலத்தில் யார் பார்ப்பது? 65 வயதைத் தாண்டியவர்கள் 2012இல் நாட்டில் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். இரண்டு பெற்றோரையும் ஒரே பிள்ளை சுமப்பது பாரம்தான். ஆனால் மூன்று பெற்றவர்களின் நிலைமை எப்படி இருக்கிறது? ஒருவர் கனடாவில், ஒருவர் கட்டாரில், மூன்றாமவர் கொழும்பில். கம்பளை வீட்டில் தாயும் தகப்பனும் வட்சப்பில் பேரப்பிள்ளையைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மனமிருந்தால் சட்டம் எதற்கு என்று ஒரு நாடு கேட்டுக்கொள்ள வேண்டி வந்தபோது முதியவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்றவர்களாகத்தான் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வில் கிடைப்பது ஊழியர் சேமலாப நிதி; மொத்தமாக ஒருமுறை வரும், வீட்டைத் திருத்தியும் மகளைக் கட்டிக்கொடுத்தும் முடிந்துவிடும். மாதாமாதம் ஓய்வூதியம் என்ற ஒன்று அங்கே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய இடம் பாராளுமன்றம். பிள்ளையைக் காப்புறுதிப் பத்திரமாகப் பெற்றுக்கொள்ளச் சொல்வது அந்த வேலையைத் தட்டிக்கழிப்பது.

‘ஒண்ணே ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?’ என்ற கேள்வியை இப்போது யாரும் லேசாகக் கேட்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைகள் இறங்கியபோது உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் கண்டி. மண்ணுக்குள் பிள்ளையைக் கொடுத்த பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது போய், மற்றப் பிள்ளை இருப்பதால் ஆறுதல்தானே என்று சொல்லத் துணிவீர்களா? ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு உபரிச் சில்லு ஆகாது. அந்தப் பயத்துக்குப் பதில், ஆபத்தான சரிவுகளின் கீழுள்ள லயங்களைக் காலிசெய்து காணியும் வீடும் கொடுப்பது. அதைக் கேட்டு நீங்கள் எழுப்பும் குரலோடு என் குரலும் சேரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே ஆண்பிள்ளை உள்ள வீட்டில் உங்கள் கேள்வி ஒருமுறை கேட்கப்படுகிறது. ஒரே பெண்பிள்ளை உள்ள வீட்டில் ஓயாமல் கேட்கப்படுகிறது. ‘கொள்ளி வைக்க ஒருத்தன் வேணாமா’ என்பது அதன் உள்ளர்த்தம். மயானத்துக்குப் பெண் வரக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. மகளின் கையால் கொள்ளி வாங்கிய தகப்பன்மார் இந்த நாட்டிலும் தமிழ்நாட்டிலும் உண்டு. சபைத் தலைவர்கள் ஒருமுறை மேடையில் சொன்னால் போதும், பாதி வீடுகளில் அந்த அழுத்தம் தளர்ந்துவிடும். நீங்கள் சொல்வதில்லை.

நாடே மூப்படைகிறதே என்றால், ஆம், அது உண்மை. ஆனால் மேடையில் கேட்டுப் பிள்ளை வரவழைத்த அரசாங்கம் ஒன்றைக் காட்டுங்கள். சிங்கப்பூர் 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்றது. 1987இல் ‘முடிந்தால் மூன்று, அதற்கு மேலும்’ என்றது. பணமும் சலுகையும் கொட்டியும் 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைக்கும் குறைவு. தென்கொரியாவில் அதே வருடம் 0.72. சீனா 35 வருடங்களாகக் கட்டாயப்படுத்தி ஒன்றோடு நிறுத்தியது, 2016இல் இரண்டு என்றது, 2021இல் மூன்று என்றது, பெண்கள் செவிசாய்க்கவில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் 2024 ஒக்டோபரில் ஒரு திருமண விழாவில், பாராளுமன்றத் தொகுதிகள் குறையும் நிலையில் பதினாறு பெற வேண்டியதுதானோ என்று பேசினார். அவர் பாதி விளையாட்டாகச் சொன்னது. பதினாறும் பெற்று என்று வாழ்த்தும்போது நம் முன்னோர் எண்ணியது பதினாறு பேறுகளை. அதில் பிள்ளையும் ஒரு பேறு, அவ்வளவுதான்.

ஒன்றோடு நின்ற எல்லாரும் விரும்பி நின்றவர்களும் அல்லர். இரண்டாவது தரிக்காமல் பேராதனை வைத்தியசாலைக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும் வருடக்கணக்காக அலைகிறவர்கள், மூன்றாம் மாதத்தில் கலைந்ததை யாரிடமும் சொல்லாதவர்கள், முதல் பிரசவத்தில் சாவைத் தொட்டுத் திரும்பியதால் வைத்தியர் வேண்டாமென்று சொல்லிவிட்டவர்கள், பிள்ளை பிறந்த பிறகு மாதக்கணக்கில் மனம் இருண்டு கிடந்து, அதை இன்னொரு முறை தாங்கமாட்டோம் என்று உணர்ந்தவர்கள். அன்னதான வரிசையில் நிற்கும் பெண் இவர்களில் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த பிள்ளை எப்போது என்பது, குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிவேட்டில் எழுதிப்போகும் கேள்வி. அவர்கூடப் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்.

நம் சனம் தழைக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசை. அதற்கு உங்கள் கையில் வேலை கிடக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு முன்பு, படிவத்தில் எந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது என்று வீடு வீடாகப் போய் விளக்குங்கள். தோட்டச் சம்பளப் பேச்சில் கூலியோடு பிள்ளைக்காம்பராவையும் வையுங்கள்: ஒரு ஆயாவுக்கு எத்தனை பிள்ளை, பயிற்சி என்ன, கூரை ஒழுகுகிறதா என்று. நகரத்துக் கோயில் மண்டபங்கள் கல்யாணமில்லாத கிழமை நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. அதில் ஒன்றில் வேலைக்குப் போகும் தாய்மாருக்காகப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் நடத்த ஒரு சபையாவது தீர்மானம் போடட்டும். தகப்பனுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று தொழிற்சங்கம் கேட்கட்டும். இவற்றில் ஒன்றையாவது செய்து முடித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் போய் ‘அடுத்தது எப்ப?’ என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் அவள், ‘ஒண்ணு போதுங்க’ என்று சொல்லக்கூடும்.

அன்புடன்,
கண்டியிலிருந்து